இரண்டாவது காது

அண்ணன் மகளுக்குக் காது குத்தும் விழாவில் படமெடுக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலேயே நான் ஏற்றுக்கொண்டதற்கு, பெரியப்பா தம் இரும்புப் பீரோவைக் காலி செய்தபோது எனக்குக் கிடைத்த, நிக்கான் நிறுவனத்தின் பழைய நிக்கோர் லென்ஸே காரணம். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ், ஒளி நுழையும் துளை எஃப் 2.8 (இந்த எண் சிறிதானால் துளை பெரிது), நிக்கான் 1977-இல் கொண்டுவந்த ஏஐ வகையைச் சேர்ந்தது (செயற்கை நுண்ணறிவு அல்ல, லென்ஸ் வகையின் பெயர்). ஆட்டோஃபோகஸ் கிடையாது, உலோகமும் கண்ணாடியும் மட்டுமே. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உறைந்த நெய்யில் கரண்டி இறங்குவதுபோல் இதமான ஒரு கனம் கையில் தெரியும். அந்தச் சுகத்துக்காகவே, தொலைக்காட்சி பார்க்கும்போதும் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய சோனி மிரர்லெஸ் கேமராவில் இதைப் பொருத்த அடாப்டர் வேண்டும். நிக்கான் எஃப் மவுன்ட்டுக்கும் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) ஃபிலிமுக்கும் நடுவே இடைவெளி 46.5 மி.மீ.; சோனியிலோ மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ.தான். ஆகவே மீதி 28.5 மி.மீ. நீளத்துக்கு, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு குழாயைக் காசு கொடுத்து வாங்கினேன். வெறும் காற்றுக்கா இவ்வளவு விலை என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேமராவும் தன் பங்குக்கு, லென்ஸே மாட்டவில்லை என்று சாதித்து ஷட்டரை விட மறுத்தது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடுக்கலாம் என்று மெனுவில் அனுமதி கொடுத்த பிறகே இணங்கியது.

குலதெய்வக் கோயிலில் மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, 11 மாதக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். பின்னணி மங்கலாக விழ வேண்டும் என்ற ஆசையில் துளையை 2.8-இல் வைத்துக்கொண்டு, 60 செ.மீ. வரை நெருங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அகலக்கோண லென்ஸில் எல்லாமே தெளிவாக விழும் என்பார்கள். அவ்வளவு அருகில், அவ்வளவு திறந்த துளையில், தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம், ஏறத்தாழ 10 செ.மீ.தான்; குழந்தை ஒரே திமிறலில் கடக்கும் தூரம் அதைவிட அதிகம். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளைச் சிவப்பில் காட்டும் பீக்கிங் வசதியை நம்பியிருந்தேன். அதுவோ காதை விட்டுவிட்டு, தாய்மாமனின் பட்டு வேட்டிச் சரிகை முழுவதும் சிவப்பாக மின்னிற்று. நான் வளையத்தை இந்தப் பக்கம் திருப்ப, குழந்தை அந்தப் பக்கம் திரும்ப, ஆசாரி தம் வேலையை முடித்துவிட்டார். வீறிட்ட சத்தம் கேட்ட பிறகுதான் என் விரல் அழுத்தியது. அந்தப் படத்தில் வேட்டிக் கரையின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். காது இருக்கிறதா என்பதைத்தான் ஊகிக்க வேண்டும்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, “இன்னொரு காது இருக்குடா, கொண்டா இங்கே” என்று கேமராவை வாங்கினார். திரையைப் பார்க்கவே இல்லை. லென்ஸின் மேல் துளை எண்கள் சிலவற்றுக்குத் தனித்தனி நிறமும், நடுக்குறியின் இரு பக்கங்களிலும் அதே நிறத்தில் ஒவ்வொரு கோடும் இருக்கின்றன. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் துளையை 11-க்கு நகர்த்தி, ஃபோகஸ் வளையத்தின் தூர அளவுகளில் கடைசியாக உள்ள முடிவிலிக் குறியை 11-இன் நிறக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். மறுபக்கக் கோடு ஒரு மீட்டருக்குச் சற்று உள்ளே நின்றது. அதாவது, ஏறத்தாழ 90 செ.மீ. தொடங்கிக் கோபுரக் கலசம் வரை அனைத்தும் தெளிவு. “ஒரு எட்டு பின்னால போய் உட்காரு. இனிமே வளையத்தைத் தொட்ட, கையை ஒடச்சிருவேன்.”

2.8-இலிருந்து 11-க்குப் போனால் வெளிச்சம் 16-இல் ஒரு பங்காகக் குறையும் என்பதால், ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 1600-க்கு ஏற்றினேன். அவர் காலத்து 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில் இது நடந்திருக்குமா என்று கேட்க நா எழுந்தது; நேரம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது காதுப் படத்தில் எல்லாம் இருக்கிறது: ஆசாரியின் விரல் நுனி, தங்கக் கம்பி, திறந்த வாய், அதனுள் அரும்பிய நான்கு பற்கள், தாய்மாமன் நெற்றியின் வியர்வை, பின்னால் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை உருவிக்கொண்டிருந்த பையன், அவனுக்குப் பின்னால் வேப்பமரம். இடது ஓரத்தில் அத்தையும் இருக்கிறார், அதுதான் வினையாயிற்று. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அகலக்கோண லென்ஸ், ஓரத்தில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். அத்தையின் கை மட்டும் தேர்வடம் போல் விழுந்திருந்தது.

குடும்ப வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் லென்ஸின் இயல்பை விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “அப்போ நடுவுல நின்னா ஒல்லியாத் தெரிவேன், அவ்வளவுதானே?” என்றார். அடுத்த மாதம் நடந்த புதுமனை புகுவிழாவின் குழுப்படத்தில், வீட்டுக்காரர்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டு அத்தை நட்டநடுவில் நிற்கிறார்.