டிபேட் நடத்தறதும் நாலாம் வாய்ப்பாடும்

பார்லிமெண்டரி டிபேட் டோர்னமெண்ட் நடத்தப்போறோம்னு சொன்ன உடனே மேனேஜ்மெண்ட் கேக்கற முதல் கேள்வி சீஃப் கெஸ்ட் யாருன்றதுதான். பசங்களோட சேர்ந்து இத இழுத்துப்போட்டு செய்யற ஸ்டாஃபா எனக்கு கவலையே ஜட்ஜுங்கதான், பேச்சாளருங்க தானா வந்துடுவாங்க.

நாங்க நடத்தற பிரிட்டிஷ் பார்லிமெண்டரி முறைன்னா ஒரு ரூமுக்கு நாலு டீம், டீமுக்கு ரெண்டு பேர், அரசாங்கப் பக்கம் ரெண்டு டீம் எதிர்க்கட்சிப் பக்கம் ரெண்டு. அதனால மொத்த டீம் எண்ணிக்கை நாலால வகுபட்டே ஆகணும். ஒரு டீம் காலைல வரல, போனையும் எடுக்கலன்னா, ஒண்ணுதானேன்னு விட முடியாது, அந்த ரூம்ல மிச்ச மூணும் அம்போன்னு நிக்கும். அதுக்குத்தான் வாலண்டியர்ஸ்ல ரெண்டு பேர ஸ்விங் டீமா ரெடியா வெச்சிருப்போம், பாவம் அவங்க எவ்ளோ பிரமாதமா பேசினாலும் நாக்அவுட்டுக்கு போக முடியாது.

அடுத்தது நேரம். மோஷன், அதாவது விவாதத் தலைப்பு, அறிவிச்சதும் தயாராக 15 நிமிஷம், அப்புறம் எட்டு பேர் ஆளுக்கு 7 நிமிஷம், அதுவே 56 ஆச்சு, அப்புறம் ஜட்ஜுங்க பேசி முடிவெடுக்க ஒரு 15, அதுக்கு மேல டீம்களுக்கு விளக்கம் சொல்லணும், இதுல ரூம தேடி மாடி ஏறி இறங்கறதெல்லாம் சேத்தா ஒரு ரவுண்டே ரெண்டு மணி நேரத்த முழுங்கிடும். பேப்பர்ல ஒரே நாள்ல அஞ்சு ரவுண்டு அழகா உக்காரும், நெஜத்துல உக்காராது. 1981ல கிளாஸ்கோவுல ஆரம்பிச்ச உலகப் பல்கலைக்கழக டிபேட் போட்டியிலயே இப்ப 9 ரவுண்ட பல நாளா பிரிச்சுதான் வைக்கறாங்க, நம்ம காலேஜ் ஃபெஸ்ட் கமிட்டிக்கு மட்டும் எல்லாமே ஒரே நாள்ல முடியணும்.

லேட் ஆகறது எங்கன்னா டேப் ரூம்ல, அதாவது புள்ளிக் கணக்கு போடற ரூம்ல. முதல் எடத்துக்கு 3, அப்புறம் 2, 1, கடைசிக்கு 0ன்னு புள்ளி. ரெண்டாவது ரவுண்டுல இருந்து ஒரே அளவு புள்ளி வாங்கினவங்கள ஒரே ரூம்ல போடணும், அப்படின்னா எல்லா ரூம்ல இருந்தும் பேலட், அதாவது ஜட்ஜுங்க முடிவு எழுதின தாள், வந்தாத்தான் அடுத்த ரவுண்டுல எந்த டீம் எந்த ரூம்னு சொல்ற ட்ராவே போட முடியும். டேபிகேட் சாஃப்ட்வேர் நொடியில போட்டுக் குடுத்துடும், ஆனா எங்கயோ மூணாவது மாடில ஒரு சேரும் (தலைமை ஜட்ஜ்) ரெண்டு விங்கும் (கூட உக்காரற ஜட்ஜுங்க) ரெண்டாவது எடம் யாருக்குன்னு மல்லுக்கட்டிட்டு இருப்பாங்க, அவங்களுக்காக மொத்த காலேஜும் காத்துக் கெடக்கும். வாசல்ல நிக்கற ரன்னர் பையன் கதவ தட்டலாமா வேணாமான்னு என்னப் பாப்பான். தட்டச் சொல்லித்தான் அனுப்புவேன்.

ரெண்டு டீம் அனுப்பினா ஒரு ஜட்ஜ் அனுப்பணும்னு ரூல் போடறோம், பேருக்கு யாரையோ கூட்டிட்டு வந்துடறாங்க. அவங்கள ட்ரெய்னியா உக்கார வெக்கறதுதான் ஒரே வழி, ஓட்டு கெடையாது, கேட்டு கத்துக்கட்டும். இன்னொரு தலைவலி, சொந்த காலேஜ் டீமுக்கு யாரும் ஜட்ஜா உக்காரக் கூடாது, ஒரே காலேஜ்ல இருந்து நெறய டீம் வந்துட்டா நல்ல சேர் இருந்தும் போட எடம் இருக்காது. அதனால பட்ஜெட்ல பரிசுத் தொகைய கொறச்சு வெளி ஜட்ஜுங்களோட பயணச் செலவுக்கு வைங்கன்னு ஒவ்வொரு வாட்டியும் கேப்பேன், போஸ்டர்ல பெரிய தொகை போட்டாத்தான் கூட்டம் வரும்னு பதில் வரும். பரிச எடுத்துட்டு போறது ஒரு டீம், மோசமான ஜட்ஜ்மெண்ட்ட ஊரெல்லாம் பேசறது மிச்ச எல்லா டீமும், இத யார் கேக்கறா.

கடைசி ரவுண்டுகள்ல ரிசல்ட்ட சொல்ல மாட்டோம். அப்ப டீம் டீமா வந்து டேப் ரூம் வாசல்ல சும்மா போற மாதிரி போய் எங்க மூஞ்சியப் படிப்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் ஜட்ஜுங்கள பத்தி டீமுங்க எழுதின ஃபீட்பேக்க உக்காந்து படிப்பேன். முதல் எடம் வந்தவங்க கண்ண மூடிட்டு ஃபுல் மார்க் போட்டுருப்பாங்க, பிரயோஜனமே இல்ல. நாலாவது வந்தவங்க எழுதினதுல கோவம் இருக்கும், ஆனா எங்க பாயிண்ட்ட ஜட்ஜ் நோட்ல எழுதவே இல்லன்னு வெவ்வேற ரூம்ல இருந்து ஒரே பேரப் பத்தி வந்துச்சுன்னா, அடுத்த தடவ அவர சேரா போடறதில்ல.