இலையைப் பார்த்து ஏமாறாதேங்கோ: நீர்வேலி மஞ்சள் தோட்டத்தில் ஒரு நாள்

நேற்று விடியத்தான் கொழும்புக்குத் திரும்பி வந்தேன். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. சூடு ஆற முதல் எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் அப்பாவின் காணி 6 பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்) இருக்கிறது. 2011இல் அவர் வைத்த தென்னைகள் இப்போது நல்ல காய்ப்பு. மரங்களுக்குக் கீழே நிலம் சும்மா கிடக்கிறது. அதில் மஞ்சள் போடுவதுதான் என் திட்டம். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும், 2020இல் விலை கிலோவுக்குச் சில ஆயிரமாக ஏறியதும், இராமேஸ்வரம் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்து பிடிபட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போதே போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் மனவருத்தம். "மஞ்சள் நிழலில் வரும்" என்று வீடியோக்களில் சொல்லாதவர் இல்லை. ஆனால் மச்சான் மறித்துவிட்டான். "காசைக் கொட்ட முதல் நீர்வேலியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையின் தோட்டத்தைப் பார். மூன்று நாலு விதமாக நட்டு வைத்திருக்கிறார்" என்றான். தைப்பொங்கல் முடிந்த கையோடு வெளிக்கிட்டேன்.

இரவு பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளவத்தையில் ஏறினேன். சொகுசு பஸ் என்று 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் தோளில் விழுந்தது. சீற் சாயவில்லை. நடத்துநரிடம் சொன்னால், "புத்தளம் தாண்டினால் நிண்டிடும்" என்கிறார். வவுனியா தாண்டியும் நிற்கவில்லை. காசு வாங்கும்போது இருக்கிற மரியாதை ஏறி இருந்த பிறகும் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இறங்கினால் ஓட்டோ. நீர்வேலிக்கு 2,500 கேட்டார். மீட்டரைக் காட்டினால் "அது வேலை செய்யேல்லை" என்றார். நித்திரை கலக்கத்தில் ஏறிவிட்டேன், பெரிய பிழை. பருத்தித்துறை வீதியால் பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. போகிறவர்கள் பத்து நிமிடம் பொறுத்து பஸ்ஸிலேயே போங்கள்.

கோப்பாய் தாண்டியதும் செம்மண்ணும் வாழையும் தொடங்கிவிடும். அந்த வாழைகளுக்கு நடுவில்தான் அண்ணையின் தோட்டம். என்னைக் கண்டதும் தேத்தண்ணி கூடக் குடிக்க விடாமல் கூட்டிப் போனார். வெயில் ஏற முதல் பார்க்க வேண்டுமாம்.

முதலில் தென்னைக்குக் கீழே. மஞ்சள் என் நெஞ்சுமட்டத்துக்கு நின்றது. மற்ற இடங்களில் இலைகள் பழுத்துச் சாயத் தொடங்கியிருக்க, இங்கே இன்னும் கரும்பச்சை. எனக்கு ஒரே சந்தோசம். என் காணியும் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று போனில் படம் எடுத்தேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை. அலவாங்கை எடுத்து ஒரு கன்றைச் சுற்றி மண்ணை இளக்கினார். பிறகு கையால் பிடித்துத் தூக்கினார். மண்ணை உதறினால் கையளவு கிழங்குகூட இல்லை. பென்சில் மொத்தத்தில் நாலைந்து விரலிகள், அதாவது கிளைக்கிழங்குகள்.

"தம்பி, இலையைப் பாத்து ஏமாறாதேங்கோ. வெளிச்சம் காணாமல் இது மேல எட்டிக்கொண்டே இருக்கும். கிழங்குக்கு இறக்க அதுக்கு ஒண்டும் மிஞ்சாது."

அடுத்து வெட்டவெளிப் பாத்தியில் ஒன்று. பிறகு வாழை வரிசைக்கு அருகில் ஒன்று. மூன்றையும் மீன்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசில் போட்டோம். தென்னையின் கீழ் 180 கிராம். வெட்டவெளி 540. வாழையடி 620. வாழையடிக் கன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே செம்மஞ்சள், கை முழுக்க அந்தக் காரமான பச்சை வாசம். சின்ன வயதில் தடிமன் வந்தால் பெரியம்மா விரலி மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை பிடிப்பா. அந்த ஞாபகம் வந்தது. இங்கேயும் ஒரு பரியாரியார் (நாட்டு வைத்தியர்) வருடா வருடம் பச்சைக் கிழங்காகவே வாங்கிப் போவாராம்.

நிழல் தேவைதான், ஆனால் எந்த மாதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சித்திரைக் கடைசியில் நடுகிறார். முளை வந்து இளம் இலை விரிகிற காலம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். வெட்டவெளியில் இலை ஓரம் கருகும், இறைப்பும் கூடும். மேற்குப் பக்கத்தில் ஒரு வரிசை வாழை இருந்தால் பின்னேர வெயிலை அது தடுக்கும். புரட்டாதி வந்ததும் வாழையின் கீழ் இலைகளை வெட்டி வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். நட்டு நாலைந்து மாதம் கழித்துத்தான் கிழங்கு பருக்கத் தொடங்குகிறது, அந்த நேரம் அதற்கு வெயில் வேண்டும். வாழையின் இலையை வெட்டி நிழலைக் குறைக்கலாம். தென்னையை என்ன செய்ய?

"எங்கடை தென்னைக்கு 15 வயசு" என்றேன் பயந்து பயந்து.

தலையை ஆட்டினார். ஏழெட்டு வயது வரைக்கும் இடையில் வெளிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு ஏறக்குறைய 25 வயது வரைக்கும் தென்னையின் நிழல் மிக அடர்த்தி. மரம் உயர்ந்த பிறகுதான் வெயில் மறுபடி தரைக்கு வரும். என் தென்னைகள் சரியாக நடுவில் நிற்கின்றன. அந்த இடத்திலேயே எனக்கு மனம் விட்டுப்போனது.

தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து நடுப்பகலில் தென்னைக்குக் கீழே விரித்துக் காட்டினார். அதில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஏழெட்டு வெயில் பொட்டு மட்டும் விழுந்தது. வாழையடியில் விரித்தார், சால்வையில் பாதிக்கு மேல் வெயில். "பாதி விழுந்தால் போடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ" என்றார். ஒரு வீடியோவிலும் இதை நான் கேட்டதில்லை!

நடுகை முறையிலும் நான் நினைத்துப் போனது பிழை. எங்கள் ஊர்ப் பழக்கம் வெங்காயத்துக்குப் போல வரம்பு கட்டிப் பள்ளப் பாத்தி போட்டு இறைப்பது. கோடையில் தண்ணீர் நிற்க அது நல்லது. கார்த்திகை மழையில் அதே பாத்தி குளமாகும், கிழங்கு அழுகும். அவருக்கு முதல் வருடம் பாதிக்கு மேல் அப்படித்தான் போனதாம். அழுகிய கன்றைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும். இப்போது சமமாக நட்டு, இரண்டாம் மாதமும் நாலாம் மாதமும் இடையிலுள்ள மண்ணை எடுத்துக் கன்றுக்கு அணைக்கிறார். மழை தொடங்கும்போது கன்று மேட்டில் நிற்கும், இடைவெளி வாய்க்காலாகித் தண்ணீரை வெளியே விடும். மேலே பூவரசங்குழை மூடாக்கு. ஈரமும் நிற்கும், உக்கிப் பசளையும் ஆகும்.

சாப்பாடு! அண்ணையின் வீட்டு அக்கா ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சியிருந்தா. நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டு, காலையில் கிண்டிய பச்சை மஞ்சளைச் செத்தல் மிளகாயோடு அம்மியில் அரைத்துக் கரைத்தது. பிலாவிலையைக் கோலித் தந்தா. நான் நாலு தரம் வாங்கிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், நிறுத்த முடியவில்லை. கொழும்பில் கடையில் கூழ் என்று விற்பதை இனி நான் தொடமாட்டேன். புளியும் உறைப்பும் நண்டின் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்காமல் வருகிற அந்தப் பக்குவம் வீட்டு அடுப்பில்தான் வரும். இந்தப் பயணத்தின் முழுச் செலவும் இந்தக் கூழுக்கே தகும்.

இனிக் காசு. வழமையாக ஒரு பரப்புக்கு 50 முதல் 60 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். அவர் சொன்ன விலை கிலோ 600. பரப்புக்கு 36,000 வரை விதைக்கே போனால் என் கணக்குச் சரிவராது. நடுவிலுள்ள தாய்க்கிழங்கை நட்டால் முளை கொழுத்து வரும், விளைச்சலும் கூடும் என்கிறார், ஆனால் நிறை கூட என்பதால் காசும் கூட. விரலியில் நிறை குறைவு, வைத்திருந்தாலும் பழுதாகாது. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. கிழங்கை ஒரு முளைக்கு ஒரு துண்டாக, 5 கிராம் அளவில் வெட்டி, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிய தட்டுகளில் முளைக்க வைத்து, ஒரு மாதம் சொச்சத்தில் எடுத்து நடுவது. கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. விதை கால்வாசியோடு முடிந்துவிடும், நோயுள்ள துண்டையும் தட்டிலேயே கழிக்கலாம். வேலை கூட, அது உண்மை. 15 கிலோ வாங்கினேன், 9,000 ரூபாய். அக்கா மேலதிகமாக ஒரு கிலோ போட்டுவிட்டா.

வருமானக் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அவித்துக் காய வைத்தால் 5 கிலோ பச்சை மஞ்சள் ஏறக்குறைய ஒரு கிலோவாகிவிடும். பச்சை நிறையைக் காய்ந்த விலையால் பெருக்கிக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

அடுத்த நாள் கொடிகாமத்தில் 12 மணிக்கு அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தென்னைகளுக்குக் கீழே ஒவ்வொரு இடமாக விரித்துப் பார்த்தேன். அம்மா வாசலில் நின்று, "என்னடா செய்யிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. எங்கும் பொட்டுப் பொட்டாகத்தான் வெயில். தென்கிழக்கு மூலையில் மட்டும், இரண்டு மரம் பாறி விழுந்த இடத்தில், விரிப்பு முழுக்க வெயில். ஒரு பரப்பு வரும். மணல் நிலம், தண்ணீர் நிற்காது, ஆனால் குழையும் எருவும் நிறையத் தாழ்க்க வேண்டும். மேற்கு ஓரமாக வைக்க வாழைக்குட்டிக்கும் சொல்லிவிட்டேன். 6 பரப்பும் என்று வந்தேன், ஒரு பரப்புத்தான். பரவாயில்லை.

விதைக்கிழங்கை அம்மா குசினிக்குப் பின்னால் நிழலில் மணல் பரப்பி, கிழங்கு, மணல், கிழங்கு, மணல் என்று அடுக்கி, மேலே சருகு போட்டு மூடினா. இன்று காலை போன் எடுத்தபோது தூறல் விழுந்ததாம். மேலே பனையோலை இழுத்துப் போட்டாவாம். எலி வருமா என்று அவவுக்குப் பயம். பழைய கோழிக்கூட்டின் வலையைக் கழற்றி மூடச் சொன்னேன்.