அணைக்க விட்ட வாயுவில் பருத்த சுடர்

வால்வைத் தவறான பக்கம் திருப்பிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆய்வகத்தில் கப் பர்னர் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிறு கிண்ணம். அதில் ஹெப்டேன் என்ற திரவ எரிபொருள் எரியும். கீழிருந்து வரும் காற்றில் தீயணைப்பு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, எந்த அளவில் சுடர் அணைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அன்று எச்எஃப்சி-125. ஒன்பது சதவீதத்தை நெருங்கினால் அணையும் என்பது தெரிந்ததுதான். பாதி அளவில் சுடர் பாதியாகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதுவோ பருத்துக் குழாயில் மேலே ஏறியது. அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது, அடிப்பக்கம் கிண்ணத்தை விட்டு எழும்பித் தள்ளாடி, பட்டென்று போய்விட்டது.

காரணம் அந்த மூலக்கூறிலேயே இருக்கிறது: இரண்டு கார்பன், ஒரு ஹைட்ரஜன், ஐந்து ஃபுளூரின். தனியாகப் பற்றவைத்தால் எரியாது. ஆனால் ஏற்கெனவே எரியும் தீக்குள் போனால் உடைகிறது. கார்பன் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, ஃபுளூரின் ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் ஃபுளூரைடின் பிணைப்பு மகா வலிமையானது. அது உருவாகும்போது வெப்பம் கொட்டுகிறது. போதுமான அளவு விட்டால் அணைக்கும், குறைவாக விட்டால் விறகு. ஹைட்ரஜன் ஃபுளூரைடு நுரையீரலை அரிக்கும் நஞ்சு என்பது தனிக்கதை.

இத்தகைய வாயுக்களுக்கு முன்பிருந்த பழைய தீயணைப்பு வாயு ஹாலோன் 1301. அதன் சாமர்த்தியம் அதிலுள்ள புரோமினில் இருந்தது. தீயை ஓட வைக்கும் ஹைட்ரஜன் அணுக்களை அது பிடித்துப் பிடித்து முடக்கும். மீண்டு வந்து அதே வேலையைச் செய்யும். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 1994-இல் அதன் உற்பத்தியை நிறுத்தின. நிறுத்தியது சரிதான். மாற்று தேடியதில்தான் சிக்கல்.

விமானச் சரக்கு அறைக்கான மாற்றுகளை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சோதித்தது. தீயில் சூடாகி ஸ்பிரே டப்பா வெடித்தால் என்ன ஆகும் என்பது ஒரு சோதனை. புரொப்பேன், எத்தனால், தண்ணீர் கலவையைப் பீய்ச்சிப் பற்றவைப்பார்கள். அணைக்கும் அளவுக்குக் கீழே இருந்தபோது, எச்எஃப்சி-125 உட்படச் சில மாற்று வாயுக்கள் வெடிப்பின் அழுத்தத்தை ஏற்றிவிட்டன. எதுவுமே விடாமல் இருந்ததைவிட மோசம். அவற்றில் 2-பிடிபி என்பதில் புரோமினும் உண்டு, அதுதான் எனக்கு ஆச்சரியம். கலவையில் எரிபொருள் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் இருந்தால், அந்தக் குறையை வாயுவே நிரப்பிவிடுகிறது.

அதனால் இன்றும் பல விமானங்களின் சரக்கு அறையில், பழைய இருப்பிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஹாலோன்தான்.

அன்றைய குறிப்பேட்டில் நான்கு சதவீதத்துக்கு எதிரே ‘வால்வைச் சரிபார்’ என்று எழுதியிருக்கிறேன். அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.