துணைக்கு வந்தவர்

“துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்க முடியுமா?” என்று நான் தொலைபேசியில் கேட்டேன். “முடியும் மேடம்” என்று அந்த மாணவி சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு தயக்கம் இருந்ததா, இல்லையா என்பதை 2024 ஏப்ரலிலிருந்து இன்றுவரை என்னால் முடிவுகட்ட முடியவில்லை. சில நாள்களில், மூச்சை இழுத்து விடும் அளவுக்கு ஒரு மௌனம் இருந்ததாக நினைவு வருகிறது. அன்றைக்கெல்லாம் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. வேறு சில நாள்களில் அவர் பட்டென்று பதில் சொன்னதாகவே தோன்றுகிறது. சற்று ஆறுதலாக இருக்கும் அந்த நேரத்திலேயே, அவ்வளவு பட்டென்று வரும் பதில் முன்னமே எடுத்து வைத்திருந்த பதிலாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்து, அந்த ஆறுதலையும் கெடுத்துவிடுகிறது.

சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஒன்பது பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு நடத்தும் சிறு நிதி எங்களுடையது. மே மாதத்தில் பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் முதலியோர்), திருநர், மாற்றுத்திறனாளி உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களிடம் பயிற்சிக்குப் போகும் மூன்று மாணவர்களுக்குத் தலைக்கு 15,000 ரூபாய் கொடுப்போம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் பயிற்சி முடித்தாக வேண்டும். ஆனால் அந்த வாரங்களில் மாணவர் எங்கே தங்குவார், எதைச் சாப்பிடுவார் என்பது யாருடைய கவலையும் இல்லை. பெரிய நிறுவனங்களில் ஏதாவது கொடுப்பார்கள். கட்சிக்காரரிடமே கட்டணம் வாங்க முடியாத வழக்கறிஞர் பயிற்சி மாணவருக்கு எங்கிருந்து கொடுப்பார்? ஆகவே சென்னையில் சொந்த வீடோ உறவினர் வீடோ உள்ள பிள்ளைகள் மட்டுமே இந்த வழக்குகளைக் கற்றுக்கொள்கிறார்கள். நான் பெரம்பூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் தங்கிக் கற்றுக்கொண்டவள் என்பதால் எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, நான் சொல்லவரும் நிகழ்ச்சிக்கு அடுத்த மாதம்தான். பட்டம் பெற்று வந்தவர்களுக்கே அந்த நிலைமை.

அந்த மாணவிக்கு முற்றிலும் பார்வை இல்லை. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி உரிமையைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று படிக்கும் முன்பே நாங்கள் எண்ணிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டிருந்தது, ஒருவரையொருவர் காதலித்து வீட்டை விட்டு வெளியேறிய பெண் இணையர்களுக்காக வழக்காடும் ஓர் அலுவலகத்தை. காரணம் கேட்டபோது, “மாற்றுத்திறனாளி சட்டம் எனக்கு வீட்டிலேயே தெரியும் மேடம், இது தெரியாது” என்றார். விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியில், கையெழுத்தில் இருக்கும் ஆவணங்களைப் படித்துக் காட்டவும் வழித்துணைக்கும் ஒருவர் தேவைப்படுவார் என்றும், அவருக்கு 15,000 ரூபாய் ஆகும் என்றும் இரண்டு வரியில் எழுதியிருந்தார்.

எங்கள் பொருளாளர் கெட்டவர் அல்லர், கணக்குப் பார்ப்பவர். “இவருக்கு இரண்டு பங்கு கொடுத்தால் மூன்றாவது ஆளை விட வேண்டும். யாரை விடலாம், நீயே சொல்” என்றார். மூன்றாவதாக இருந்த மாணவர், அறிவுசார் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பாதுகாவலர் விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் அமைப்புக்குப் போக இருந்தவர். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும் அந்த விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும் என்று தெரியாமல் பெற்றோர் திங்கள்கிழமைதோறும் குறைதீர் கூட்ட வரிசையில் நின்று திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அவரை விட எனக்கு மனம் வரவில்லை. “அந்தப் பெண்ணிடமே கேட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அழைப்பைச் செய்தேன்.

இங்கேதான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரண்டாம் பிரிவில், ஒருவருக்கு ஏற்ற வசதியைச் செய்து தருவது என்றால் என்னவென்று வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள்ளேயே, அது மற்றவர் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது என்ற வாசகமும் இருக்கிறது. அந்தச் சட்டம் வந்ததிலிருந்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அந்த வாசகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், அது சாக்குப்போக்கு என்று எழுந்து நின்று வாதாடியவள் நான். எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் நோய் இருந்த தேர்வருக்கு எழுத்துத் துணையாளர் உண்டு என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எத்தனை மனுவில் மேற்கோள் காட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்டவளின் வாயிலிருந்து, எங்களிடம் 45,000 ரூபாய்தான் இருக்கிறது என்றதும், எதிர்த்தரப்பின் வாதம் சுத்தமாக வந்து விழுந்தது. அதோடு நிற்காமல், ஒன்பது நண்பர்களின் வாட்ஸ்அப் குழு அந்தச் சட்டத்தின்படி ‘நிறுவனம்’ ஆகாது என்றும் மனத்துக்குள் ஒரு துணைவாதம் ஓடியது. தொழில் பழக்கம்.

ஆனாலும் 45,000 ரூபாய் என்பது 45,000 ரூபாய்தான். மூன்றாவது மாணவர் அந்த மாதத்தில் ஏழு குடும்பங்களுக்கு விண்ணப்பம் முடித்துக் கொடுத்தார். அந்த ஏழு குடும்பங்களிடம் போய், “உங்களுக்கு வர வேண்டிய ஆளை வேறொரு நியாயத்துக்காக நிறுத்திவிட்டோம்” என்று சொல்லியிருக்க முடியுமா? இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரிதான் என்று ஏறக்குறைய நம்பிவிடுவேன்.

மூன்றாவது வாரத்தில் அந்த அலுவலகத்தின் வழக்கறிஞர் கூப்பிட்டார். என்னிடம் ஜூனியராக இருந்தவர். “அக்கா, கூட வர்ற அந்தப் பையன்கிட்ட ஏதாவது எழுதி வாங்கினீங்களா?” என்றார். எந்தப் பையன் என்று நான் கேட்டேன்.

அந்த மாணவியின் தம்பி. பதினேழு வயது. பிளஸ் டூ எழுதிவிட்டு ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் மே மாதம் முழுக்க வேலைக்கு நிற்பதாகப் பேசி வைத்திருந்தவர். 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அதை விட்டுவிட்டு அக்காவோடு வந்துவிட்டார். மகளிர் விடுதியில் தம்பிக்கு இடமில்லை என்பதால் இருவரும் அம்பத்தூரில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, காலை ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பயிற்சியின் முதல் நாளான மே 6 காலையில்தான் பிளஸ் டூ முடிவு வெளியானது. அலுவலக மாடிப்படியில் நின்று செல்போனில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மேலே ஏறினாராம்.

அடுத்த நாள் நான் நேரில் போனேன். தம்புச் செட்டித் தெருவின் பழைய கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உயர் நீதிமன்றக் கோடை விடுமுறையாதலால் வாய்தா ஓட்டம் இல்லை; ஜூனில் தாக்கல் செய்ய வேண்டிய மனுக்களுக்காகக் கட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த மாணவிக்குக் கொடுத்திருந்த வேலை, ‘பெண் காணவில்லை’ என்று பெற்றோர் கொடுத்த புகார்களையும், அவற்றின் பேரில் காவல் நிலையங்கள் என்ன செய்தன என்பதையும் பட்டியலிடுவது. பால்புதுமையரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. ஒரு பெண் இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சி அது. அதே விதி, சட்டப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்றும் சொல்கிறது. ஆக, நடந்தது விசாரணையா, துன்புறுத்தலா என்பது தாளில் உள்ள சின்னஞ்சிறு விவரங்களைப் பொறுத்தது: எந்த நேரத்தில் அழைத்தார்கள், எத்தனை முறை, யார் முன்னிலையில் என்பதெல்லாம். தட்டச்சு செய்த மனுவை அவருடைய மடிக்கணினி படித்துக் காட்டிவிடும். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கடிதம் என்றால் அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக உளறும். காவல் நிலையத்துக் கையெழுத்து என்றால் வாயே திறக்காது.

தம்பி படித்துக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கம் இல்லாத, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரல். “எழுதினதை அடிச்சிருக்காங்க, மேல ‘இரவு’ன்னு எழுதியிருக்காங்க” என்றார். “எத்தனை மணின்னு இருக்கு?” என்று அக்கா கேட்டார். “சீல் மேல விழுந்திருக்கு, தெரியல.” ஜன்னல் பக்கம் தாளைத் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “பத்தே கால்” என்றார். அந்தப் பத்தே கால் பின்னர் மனுவில் இடம்பெற்றது. பெண்களின் பெயர் வரும் இடங்களில் மட்டும் அவர் பெயரைப் படிக்காமல் “முதல் பொண்ணு”, “ரெண்டாவது பொண்ணு” என்றே சொல்லிக்கொண்டு போனார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று வழக்கறிஞர் பிறகு சொன்னார்.

அதைக் கேட்டு நெகிழ்ந்தது உண்மை. ஆனால் நெகிழ்வு அந்த வழக்கறிஞரின் கேள்விக்குப் பதில் ஆகாது. ஊருக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒளிந்திருக்கும் இரண்டு பெண்களின் முகவரி உள்ள தாள்கள், யாரிடமும் எந்த உறுதிமொழியும் கொடுக்காத, யாரும் பணிக்கு எடுக்காத ஒரு பதினேழு வயதுப் பையனின் கையில் மூன்று வாரம் இருந்தன. பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தியிருந்தால் எழுதி வாங்கியிருப்போம். நான் மிச்சம் பிடித்த 15,000 ரூபாயை அந்த இரு பெண்களின் பாதுகாப்பிலிருந்தும், அந்தப் பையனின் 8,000 ரூபாயிலிருந்தும் எடுத்திருக்கிறேன். கூலியில்லாத உழைப்பை ஒழிக்க வேண்டும் என்று தொடங்கிய நிதி, இன்னொருவரைக் கூலியில்லாமல் உழைக்க வைத்தது. முற்றிலும் பார்வையற்றவரோடு துணைக்குப் போகிறவருக்கும் அதே கட்டணச் சலுகை என்று ரயில்வே வைத்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் நாள்தோறும் குறை சொல்லும் ரயில்வேக்குத் தெரிந்த கணக்கு அது.

இதற்கு நேர்மாறாகவும் எனக்கு வாதிட வரும். தம்பி வராமல் இருந்திருந்தால், அறிமுகமில்லாத ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ள அந்த மாணவியின் வீட்டில் விட்டிருப்பார்களா? காசு வாங்கிக்கொண்டு வந்தவர் அந்தப் பெயர்களை மறைத்துப் படித்திருப்பாரா? கேட்டுப் பார்த்தால், இவை எல்லாம் விடை தெரியாத கேள்விகள் என்பதைவிட, எனக்கு வசதியான கேள்விகள் என்பதே பொருத்தம்.

கடைசி நாளில், தம்பி வருவதை ஏன் சொல்லவில்லை என்று அந்த மாணவியிடம் கேட்டேன். “நீங்க முடியுமான்னுதான் கேட்டீங்க மேடம். முடிஞ்சுது” என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை.

2025ஆம் ஆண்டுக்கு விதியை மாற்றினோம். துணையாள் செலவு தனிக் கணக்கு, அதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கி வைப்பது, துணையாளிடம் இரகசியக் காப்பு உறுதிமொழி வாங்குவது. நிதி பெருகவில்லை என்பதால் உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்கள் இரண்டாகக் குறைந்தன. அந்த ஆண்டு துணையாள் தேவைப்படும் மாணவர் யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஒதுக்கிய தொகையை விடுவித்து, திருநர் அடையாளச் சான்று விண்ணப்பங்களில் உதவப் போக இருந்த மூன்றாவது மாணவரை ஏப்ரல் கடைசியில் அழைத்தபோது, அவர் ஊரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். விதியில் தவறில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். அந்த மாணவரிடம் அதை விளக்கிச் சொல்லும் துணிவுதான் வரவில்லை.

சென்ற மாதம் அந்த மாணவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கல்லூரியில் தம்பிக்கு ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்று கேட்கிறார்களாம். நாங்கள் தர முடியுமா என்று கேட்டிருந்தார். உடனே எழுத உட்கார்ந்தேன். “2024 மே 6 முதல் நான்கு வாரங்கள் தன்னார்வத்துடன் வாசிப்பாளராகப் பணியாற்றினார்” என்று எல்லாச் சான்றிதழிலும் வரும் சொல்லைக் கை தானாகவே அடித்தது. அதை அழித்தேன். “ஊதியமின்றி” என்று போட்டால் உண்மையாக இருக்கும். சான்றிதழ் படிப்பவருக்கு விசித்திரமாக இருக்கும். சொல்லே இல்லாமல் விட்டால் ஊதியம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பொருளாளரைக் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “15,000 ரூபாயை இப்போது அனுப்பிவிடுவோம், அப்புறம் எப்படி எழுதினாலும் சரியாக இருக்கும்” என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த மாணவிக்கு எழுதிக் கேட்டேன். “சான்றிதழ் மட்டும் போதும் மேடம்” என்று பதில் வந்தது. எழுத்தில் வந்த பதில் என்பதால், இந்த முறை தயக்கம் இருந்ததா என்று காது கொடுத்துக் கேட்கவும் வழியில்லை. தம்பியின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு இன்னொரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். அதை அக்காவுக்கு அனுப்புவதா, தம்பிக்கே நேராக அனுப்புவதா என்று பார்க்கும்போதுதான், அந்தப் பையனிடம் இதுவரை எதையும் நேரடியாகக் கேட்டதே இல்லை என்பதும், அவருடைய எண் என்னிடம் இல்லை என்பதும் தெரிந்தது.