கல்யாணத்துக்கு நாயும் வரலாமா?

வீட்டு நாய் இல்லாமல் என்ன கல்யாணம் என்று கேட்பவர்களின் கட்சிதான் நானும். ஆனால் நமக்கு ஆசை என்பதற்காக மட்டும் அதைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகக் கூடாது. மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) வரைதான் கேட்கும், நாய்க்கோ 45,000 வரை எட்டும். ஒலிபெருக்கி, கூட்டம், புது வாசனைகள் எல்லாம் சேர்ந்தால் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, சும்மா சும்மா உதட்டை நக்குவது, வாலைக் காலிடுக்கில் ஒடுக்கிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இதெல்லாம் பயத்தின் அறிகுறி, உடனே வெளியே அழைத்துப் போய்விட வேண்டும். மணமக்களால் இதைக் கவனிக்க முடியாது. அதனால் அன்றைக்கு நாயை மட்டுமே பார்த்துக்கொள்ள, அதற்கு நன்றாகப் பழகிய ஒருவர் கட்டாயம் வேண்டும். மணமக்கள் மாற்றிக்கொள்ளும் மோதிரத்தை நாயின் கழுத்தில் கட்டி அனுப்புவதாக இருந்தால், நிஜ மோதிரம் வேண்டாம்.

பூனை வீட்டிலேயே இருக்கட்டும். அலங்காரத்தில் லில்லி இருந்து, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம்.

அப்புறம், சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு ஆகாது என்று விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் எடுத்து முடிந்ததும் தண்ணீர் வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.