சித்திரை பதினொன்றில் மறைந்த நிழல்

மார்ச் மாதக் கடைசியில், சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாமியார் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். காக்கை விரட்டும் பொறுப்பை ஏற்றிருந்த நான்கு வயது மகள், கையிலிருந்த கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “அம்மா, காலையில நிழல் அவ்ளோ நீளமா இருந்துச்சே, இப்ப ஏன் குட்டியாயிடுச்சு?” என்று கேட்டாள். வேலை அவசரத்தில் நான், “உச்சி வெயில்ல நிழலே இருக்காதுடா” என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “இருக்கேம்மா” என்றாள். கம்பின் அடியிலிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு நிழல் கிடந்தது.

நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும் என்று பள்ளி நாட்களிலிருந்து நம்பி வந்தவள் நான். ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும், அதுவும் ஆண்டுக்கு இரண்டு நாட்கள்தான், சூரியன் அப்படி நேர் உச்சிக்கு வரும் என்பதும், 13 பாகை வட அகலாங்கில் இருக்கும் சென்னைக்கு அவை ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி அமைகின்றன என்பதும் தெரிந்தன. நிழலில்லா நாள் என்று அதைச் சொல்கிறார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கு நேர் மேலே வரும் சூரியன், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தமிழ்நாட்டின் நீளத்தைக் கடந்து நம் ஊருக்கு வருகிறது. டெல்லிக்கு அது ஒருநாளும் வருவதில்லை என்பதைக் கேட்டதும், ஏழு வயது மகன் அங்கே இருக்கும் தன் மாமாவுக்காக உண்மையாகவே வருந்தினான்.

அந்த நாள் எது என்று குழந்தைகளிடம் முன்கூட்டிச் சொல்லாமல், நண்பகல் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து வர மட்டும் சொன்னேன். கோடுகள் கம்பை நெருங்கி நெருங்கி வந்தன. “கம்பு நிழலைச் சாப்பிடுது” என்பது மகளின் விளக்கம். நான் அதைத் திருத்தவில்லை. அடுத்த கோட்டையும் போடட்டும் என்று காத்திருந்தேன். இதற்குள் மகன் கம்பு சற்றுச் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுக் கொத்தனார் தாத்தாவிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து, ஒரு குழாய்த் துண்டை நேராக நிறுத்திப் பிடித்தான்.

ஏப்ரல் 24, சித்திரை பதினொன்று. 12 மணிக்குக் குழாயின் ஓரத்தில் மெல்லிய நிழல் இன்னும் இருந்தது. இந்தியாவின் பொதுநேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதற்கு மேற்கே இருக்கும் சென்னையில் சூரியன் உச்சிக்கு வர அன்று 12:07 ஆனது. அந்த நிமிடத்தில் குழாயைச் சுற்றி ஒன்றுமே இல்லை. மகள் தன் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, காலடியில் கிடப்பதைக் கண்டு, எகிறிக் குதித்தாள்; குதித்த கணத்தில் அது பாதங்களை விட்டுப் பிரிந்து தரையில் தெரிந்தது. எத்தனை முறை குதித்தாள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு அவள் கீழே வைத்த டம்ளரைச் சுற்றி மட்டும் வளையமாக ஒரு நிழல் இருந்தது. “இதுக்கு மட்டும் ஏன்?” என்று மகன் உட்கார்ந்துவிட்டான். வெகு நேரம் பார்த்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, “வாய் அகலம், அடி சின்னதும்மா” என்று அவனாகவே சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. எந்தப் புத்தகத்திலும் நான் படித்திராத ஒன்றை அவன் எனக்குக் காட்டியிருந்தான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “வைகாசி வந்தா தொட்டிக்குத் தெக்கால வடகம் போடாதேன்னு வருசா வருசம் சொல்றேனே, எதுக்குன்னு நினைச்ச? நிழல் அந்தப் பக்கம் திரும்பிடும்” என்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்ட சொல் அது. ஏதோ பழக்கம் என்றே நினைத்து வந்திருக்கிறேன். சூரியன் நமக்கு வடக்கே போய்விட்ட பிறகு நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பதைத்தான் அவர் வடகத்தின் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை பேரனும் பேத்தியும் பாட்டியை உட்கார வைத்து மாதம் மாதமாகக் கேள்வி கேட்டார்கள்; மார்கழியில் தென்புறச் சன்னல் வழியே அறைக்குள் வெயில் எதுவரை வரும் என்பதைக்கூட அவர் தரையில் கை வைத்துக் காட்டினார்.

ஜூன் 21 அன்று மீண்டும் அளந்தோம். ஒரு மீட்டர் குழாய்க்கு 18 செ.மீ. நிழல், தெற்கே. பழைய கோடுகள் எல்லாம் வடக்கே மங்கிக் கிடக்க, “நிழல் தாண்டிப் போயிடுச்சு” என்று கத்திக்கொண்டே மகள் பாட்டியை அழைக்கக் கீழே ஓடினாள். இப்போது நாட்காட்டியில் ஆகஸ்ட் 18ஐச் சுற்றிச் சிவப்புக் கிரயானில் ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. பக்கத்தில் மகன் 12:13 என்று எழுதியிருக்கிறான். ஏப்ரலைவிட ஏன் ஆறு நிமிடம் தாமதம் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.