பூ வரட்டும் என்று காத்திருந்தேன்: அவுரியோடு இரண்டு வருடம்

சாத்தான்குளம் பக்கத்தில், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி எங்களுக்கு நாற்பது செண்ட் மானாவாரி நிலம் உண்டு. 1986இல் மாவட்டத்தைப் பிரித்துத் தூத்துக்குடியில் சேர்த்துவிட்டாலும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் அது திருநெல்வேலிச் சீமைதான். அப்பா போனபிறகு ஆறேழு வருடம் அங்கே உடைமரமும் எருக்கும் மட்டும் வளர்ந்தன. 2023இல் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊர் வந்து, கிணறு இல்லாத நிலத்தில் என்ன போடலாம் என்று கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்லை.

"அவுரி போடுல. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணியும் கேக்காது."

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. முடிக்குச் சாயம் போட வாங்குகிறார்களே, அந்த நீலியையும் அவுரி என்றுதான் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே "அவுரி விதை" என்று கேட்டேன்; கடைக்காரர் நீலி விதையை நிறுத்துக் கொடுத்துவிட்டார். அத்தை கையில் கொட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் சொல்வது நிலாவாரை. சென்னா என்பார்களே, பேதி மருந்துக்கு இலை பறிக்கிற செடி, அது. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அரேபியப் பக்கத்திலிருந்து வந்த செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹியூஸ் என்கிற வெள்ளைக்காரர் நம் பக்கம் இதைப் பயிரிட்டுக் கப்பலேற்றினார். அன்றிலிருந்து வெளிநாட்டு மருந்து நூல்களில் இதற்கு 'டின்னெவெல்லி சென்னா' என்றே பெயர். அல்வாவுக்கு முன்னாலேயே ஊர் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது பேதி மருந்துதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 ரக விதை கிடைத்தது. ஒரு ராத்திரி ஊறவைத்து, அக்டோபர் 12ஆம் தேதி விதைத்தேன். முளைப்பில் குறையில்லை. பச்சைப் புழு கொஞ்சம் வந்தது. வெளிறிய பட்டாம்பூச்சி ஒன்று இலையில் முட்டை வைத்துப் போகும், அதன் பிள்ளைகள். கையால் பொறுக்கிப் போட்டே சமாளித்தேன்.

டிசம்பர் 12 அன்று அறுபத்தோராவது நாள். அத்தை வரப்பில் நின்று ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே ஆள் வச்சு உருவு" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் நுனியில் பூக்காம்பு எட்டிப் பார்க்கிறது. நெல்லானாலும் உளுந்தானாலும் பூத்துக் காய்த்து முற்றிய பிறகுதானே அறுப்போம்? பூ வரட்டும், இலை இன்னும் கனக்கட்டும், ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தேரி மண் தண்ணீரைக் குடித்துவிடும் என்பார்கள், ஆனால் எங்கள் நிலம் சரிவின் அடியில் இருக்கிறது. இரண்டு நாள் முழங்கால் அளவு நின்றது. அவுரி வறட்சியைத் தாங்கும், ஈரக்காலைத் தாங்காது. தண்ணீர் வடிந்தபோது செடி பச்சையாகத்தான் நின்றது. நாலாம் நாள் மொத்தமும் மஞ்சளாகித் தொங்கிவிட்டது. ஊரே வீடு வாசலைத் தேடிக்கொண்டிருந்தபோது நாற்பது செண்ட் அவுரியைப் பற்றி யாரிடம் புலம்ப? அத்தையும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது.

அடுத்த வருடம் அதே புரட்டாசிக் கடைசியில் மறுபடி விதைத்தேன். இந்தத் தடவை பயம். வானம் கறுத்தாலே கை பரபரக்கும். நாற்பத்தைந்தாவது நாளே நாலு பெண்களைக் கூப்பிட்டு உருவச் சொல்லிவிட்டேன். அத்தை திருச்செந்தூர் போயிருந்தாள், கேட்க ஆளில்லை. கிளிப்பச்சையாக, பார்க்கவே அழகாக இருந்தது இலை. காய்ந்தபிறகு சாக்கில் அள்ளினால் பாதி தூளாக உதிர்ந்தது, மிச்சம் சுருண்டு கறுத்துக் கிடந்தது. தூத்துக்குடி ஏவாரி சாக்குக்குள் கையை விட்டார், மூக்கில் வைத்தார், திருப்பிக் கட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புத வயசுல வேலைக்கு அனுப்பிட்டீரே."

எனக்குக் கொஞ்சம் படிப்புத் திமிர் உண்டு. பேதியாக வைக்கிற சென்னோசைடு என்கிற சத்து இளம் இலையில்தான் விழுக்காட்டுக் கணக்கில் கூடுதல், முற்ற முற்றக் குறையும் என்று வாசித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆய்வகத்தில் இலைக்கு இரண்டரை விழுக்காடு நின்றால் போதும், இந்த மண்ணில் அது தானாக நிற்கும், ஆனால் தூளைக் கப்பலில் ஏற்ற முடியாது, எடை நிற்க வேண்டும், இலை முழுசாக இருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. பதம் என்பது செடியின் கணக்கு மட்டும் இல்லை, வாங்குகிறவரின் கணக்கும் சேர்ந்தது.

அத்தை திரும்பி வந்ததும் பாடம் கேட்டேன். முதலில் அவள் நாளைக் கணக்குப் பண்ணுவதே இல்லை என்று தெரிந்தது. புத்தகத்தில் முதல் பறிப்பு அறுபது நாள், பிறகு மாதத்துக்கு ஒன்று என்று இருக்கிறது, அது தப்பில்லை. ஆனால் மழை தள்ளிப்போனால் பத்து நாள் பின்னே போகும், மேட்டில் ஒரு கணக்கு, பள்ளத்தில் ஒரு கணக்கு. அவள் பார்ப்பது நிறத்தை. கிளிப்பச்சை மங்கி, லேசாக நீலம் பாரித்த மாதிரி ஒரு சாம்பல் பச்சைக்கு வர வேண்டும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும், அதனால் காலையில்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கை. செடியின் நடுப்பகுதியில் ஒரு இலையை எடுத்துக் குறுக்கே மடக்க வேண்டும். துணி மாதிரி மடங்கினால் பிஞ்சு. நடு நரம்பு 'டிக்' என்று ஒடிந்தால் பதம். ஒடியாமல் தோல் மாதிரி வளைந்து கொடுத்தால் தாண்டிவிட்டது. இதை எழுதிப் புரியவைக்க முடியாது. நான் ஐம்பது அறுபது இலை மடக்கிய பிறகுதான் அந்தச் சத்தம் விரலுக்குப் பழகியது.

மூன்றாவதாகக் கீழ்த்தட்டு இலை. தரையை ஒட்டிய ஒன்றிரண்டு மஞ்சளிக்கத் தொடங்கினால் இனி தாமதிக்கக் கூடாது. பூக்காம்பு தலை நீட்டினால் அதைக் கிள்ளிவிட வேண்டும். பூவுக்கும் காய்க்கும் ஓடுகிற சத்து பக்கக் கிளைக்குத் திரும்பி, இலை கூடும். நான் முதல் வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ, அதைத்தான் அத்தை கிள்ளிப் போடச் சொன்னாள். செடி தன் வேலையை முடிக்கும் முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும். இலைக்காக வளர்க்கிற பயிருக்கும் தானியத்துக்கும் இதுதான் வித்தியாசம் என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மென்று பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்" என்றாள், வேறொன்றும் சொல்லாமல். நானும் சாயங்காலம் மூன்று இடத்தில் மூன்று கொத்தாக மென்று ருசி பார்த்தேன். கொழகொழவென்று, லேசான கசப்பு. இந்தச் சத்து பெருங்குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் கைபட்ட பிறகுதான் வேலை செய்யும், அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற சரக்கு, ஏமாற்றாது. விடியற்காலை மூன்று மணிக்கு வயிறு எழுப்பியது. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. காலையில் அத்தை கேட்டாள், "தெரிஞ்சுதா?"

ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாவது பறிப்பு. பனி காய்ந்து, ஒன்பது மணிக்கு மேல் இறங்கினோம். நுனிக் குருத்தை விட்டுவிட்டு, பதமான இலையை மட்டும் கீழிருந்து மேலாக உருவினோம். குருத்தையும் சேர்த்து வழித்தால் அடுத்த பறிப்பு கிடையாது. பெண்களுக்கு இது கைவந்த வேலை, நான் ஒரு செடியை முடிக்குமுன் அவர்கள் ஒரு வரிசை போய்விடுவார்கள்.

பாதிப் பதம் களத்தில்தான் இருக்கிறது. வெயிலில் பரப்பினால் இலை வெளுத்துவிடும், கனமாகக் கொட்டினால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும். வீட்டுத் தாழ்வாரத்திலும் பக்கத்து வீட்டு மாமாவின் ஓலைக் கொட்டகையிலும் தார்ப்பாய் விரித்து மெல்லிசாகப் பரப்பி, காலை மாலை புரட்டிவிட்டோம். எட்டு நாள் ஆனது. ஒரு பிடி அள்ளி அமுக்கினால் சலசலக்க வேண்டும், நரம்பு முறிய வேண்டும், ஆனால் தூளாகக் கூடாது. நிறம் மஞ்சள் கலந்த பச்சை. பச்சையில் நாலு சாக்கு, காய்ந்து ஒன்றாக அடங்கியது.

அந்தச் சாக்கை எக்ஸெல் வண்டியில் முன்னால் வைத்துத் தூத்துக்குடிக்குப் போனபோது வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். இளம் வயதுக்காரர் கட்டை அவிழ்த்தார். காய்ந்த பச்சை இலை, சாக்கு நிறைய. முகம் மாறிவிட்டது. "கஞ்சாவாவே?" என்றார். 1985ஆம் வருடச் சட்டம், ஜாமீன் கிடைக்காது என்று என் மனசு எங்கெங்கோ ஓடியது. நல்லவேளை, கூட இருந்த ஏட்டையா உள்ளூர்க்காரர். ஒரு இலையைத் தேய்த்து மோந்துவிட்டு, "எய்யா, இது அவுரிலா. இதப் புகைச்சா ஒண்ணும் ஆவாது, குடிச்சாத்தான் ஆவும்" என்றார். இருவரும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வர உப்பளம் தாண்ட வேண்டியிருந்தது.

ஏவாரி இந்தத் தடவை சாக்கைத் திருப்பிக் கட்டவில்லை. தராசில் ஏற்றினார். எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

கடைசிப் பறிப்பு மாசியில். அப்போது பூக்காம்பைக் கிள்ளாமல் விட்டோம், ஏனென்றால் காயும் விலைபோகும். காயின் பதம் தனிக் கதை. தட்டையாக, பிறை மாதிரி இருக்கும். ஒன்றைப் பறித்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஏழெட்டு விதை நிழலாகத் தெரியும். நிழல் மங்கலாக இருந்தால் இன்னும் பால்விதை. ஓரம் கூர்மையாகத் தெரிந்து, தோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புகிறபோது மருந்துக்குப் பறிக்கலாம். பழுப்பாகிவிட்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். விதைக்கென்றால் அந்தப் பழுப்புதான் வேண்டும், செடியிலேயே நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கிலுகிலுக்க வேண்டும். ஒரே செடியில் இலைக்கு ஒரு நாள், காய்க்கு ஒரு நாள், விதைக்கு ஒரு நாள்.

விதைக்கென்று பள்ளத்து ஓரத்துச் செடிகளை விட்டுவைக்கலாம் என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டில் நின்ற இருபது செடியைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவைத்தாள். பங்குனியில் அந்த நெற்றுகளை உடைத்துப் புடைத்து, பிஸ்கட் டப்பாவில் சாம்பல் கலந்து போட்டாள். டப்பா இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. புரட்டாசிக்கு இறக்க வேண்டும்.